றம்லா சுமந்துபோன இருநூறு கதைகள்

சுனாமிக்குப் பிறகு மூதூர் வாசிகசாலைக்கு உதவ வந்தவர்கள் இரண்டில் ஒன்றுதான் தருவோம் என்றார்கள். ஒன்று, அச்சடித்த கதைப்புத்தகங்கள் இருநூறு. மற்றது, ஒரு கம்பியூட்டரும் அதே இருநூறு கதைகள் அடங்கிய ஒரு சீடியும். எதை எடுப்பது என்ற பொறுப்பு சிறுவர் பகுதியைப் பார்த்த றம்லாவின் தலையில் விழுந்தது.

வாசிகசாலைத் தலைவர் அபூதாஹிர் புத்தகத்தையே எடுக்கச் சொல்லி மன்றாடினார். றம்லா மசியவில்லை. அவள் சின்னப்பிள்ளையாக இருக்கும்போது சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடித் திரும்பினால், புத்தக அலுமாரி நின்ற இடத்தில் சாம்பல்தான் கிடந்தது. பிறகு சேர்த்ததைக் கடல் கொண்டுபோயிற்று.

"திரும்பவும் ஓட வந்தா அலுமாரியைத் தூக்க ஏலுமா? சீடி எண்டா கைப்பைக்குள்ள கிடக்கும்," என்றாள்.

அங்கே நின்றிருந்தால் நாமும் தலையாட்டியிருப்போம்.

கம்பியூட்டர் வந்தது. கதையை அதுவே வாசித்தது, படங்களும் அசைந்தன. பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு இருந்தார்கள். றம்லாவுக்கு மவுஸை ஒரு தட்டுத் தட்டுவதுதான் வேலை. கதை ஓடும் நேரத்தில் பதிவேடு எழுதுவாள், மூலையில் இடத்துக்குப் பிடுங்குப்படுகிறவர்களை விலக்குவாள்.

இரண்டாயிரத்தாறு ஆவணியில் ஷெல் விழத் தொடங்கியது. ஊரே நடந்து கந்தளாய்க்குப் போனது. வழியில் செருப்பு அறுந்தது, உடுப்புப் பை தொலைந்தது. சீடி மட்டும் றம்லாவின் கைப்பையில் ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. அதைப் போட ஒரு கம்பியூட்டர் தேடி அவள் கேட்காத ஆளில்லை. தண்ணீருக்கே வரிசையில் நிற்கிற இடத்தில் அவளை எல்லாரும் ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

அகதிகள் தங்கிய பள்ளிக்கூடத்தில் எட்டு வயது ஸுல்பிகாவும் இருந்தாள். வாசிகசாலைக்கு நாள் தவறாமல் வந்தவள். வரும் வழியில் வாப்பாவைப் பறிகொடுத்ததிலிருந்து வாய் திறக்கவில்லை. தாய் அழுதும் பேசவில்லை. நாலாம் நாள் தானாகவே றம்லாவிடம் வந்தாள்.

"டீச்சர், அந்த ஆமைக் கதையைச் சொல்லுங்க."

பிள்ளை பேசிவிட்டதே! றம்லா அவளைப் பக்கத்தில் இருத்திச் சொல்லத் தொடங்கினாள். ஆமை தோணியில் ஏறியது. பிறகு? நூறு தடவை ஓடவிட்ட கதை, ஒரு தடவைகூடக் காதுகொடுத்துக் கேட்டதில்லை. வாயில் வந்ததைச் சேர்த்துப் பார்த்தாள்.

"அப்படி இல்ல," என்றாள் ஸுல்பிகா. பிறகு எப்படியென்று றம்லா சொல்லட்டும் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாது மகள்."

பிள்ளை எழுந்து தாயிடம் போய்ப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு றம்லா எவ்வளவு கெஞ்சியும் அவள் வாய் திறக்கவில்லை.