காலுக்குத் தெரியாத பிரேக்

கொடைக்கானலிலிருந்து பெருமாள்மலைக்குச் சுற்றுலா வேனை இறக்கிக்கொண்டிருந்தேன். ஒரு வளைவில் பிரேக்கை மிதித்தேன். வேகம் குறையவில்லை. குனிந்து பார்த்தால், என் வலது கால் பிரேக்குக்குப் பக்கத்தில் வெறும் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. காலுக்கு அது தெரியவில்லை.

கியரைக் குறைத்து, கை பிரேக்கை இழுத்து, மலைப்பக்கமாக ஒட்டி நிறுத்தினேன்.

"என்னண்ணே, வியூ பாயிண்டா?" என்றார் பின்னாலிருந்த பயணி.

இரண்டு நாளாகப் பாதம் மரத்திருந்ததை யாரிடமும் சொல்லவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பே எனக்கு மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் (உடலின் எதிர்ப்பாற்றலே நரம்புகளின் மேலுறையைத் தாக்கும் நோய்) என்று மருத்துவர்கள் கண்டறிந்திருந்தார்கள். அந்த நோயால் அப்போது மங்கியிருந்த கண்பார்வை தெளிந்ததும் மருந்தை நானே நிறுத்திவிட்டேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

மதுரை மருத்துவமனையைச் சேர்வதற்குள் இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. ஐந்து நாள் ஸ்டீராய்டு (நரம்பு வீக்கத்தை அடக்கும் மருந்து) ஏற்றியும் கால் அசையவில்லை.

"திரும்ப நடப்பேனா டாக்டரம்மா?"

"உறுதியா சொல்ல மாட்டேங்க. பிளாஸ்மா மாத்திப் பாக்கலாம்."

பிளாஸ்மா மாற்று (இரத்தத்தின் நீர்ப்பகுதியை எடுத்துவிட்டு வேறு திரவம் செலுத்துவது) ஒருநாள் விட்டு ஒருநாள் நடந்தது. மூன்றாவது முறை முடிந்த மறுநாள் காலை, என் மனைவி செல்வி ஈரத்துணியால் காலைத் துடைத்தாள்.

"சில்லுனு இருக்கு" என்றேன்.

அவள் நம்பவில்லை. "கண்ண மூடுங்க. இப்ப எந்தக் காலு?"

"வலது."

"இப்ப?"

"தொடவே இல்ல. ஏமாத்துற."

"ஆமாங்க, ஏமாத்துனேன்!" அவள் போட்ட சத்தத்தில் செவிலியர் ஓடிவந்தார்.

பிறகு சக்கர நாற்காலி, நடைச்சட்டம், கைத்தடி. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மாறப் பல வாரங்கள். சில நாள் எழவே முடியாது. ஏழாவது மாதம், பெருமாள்மலையில் பஸ்ஸிலிருந்து நானாக இறங்கினேன். கை கொடுக்க வேண்டாம் என்று செல்வியிடம் முன்பே சொல்லியிருந்தேன்.

"ஏலே, முருகேசன் நடந்து வர்றான்டா!" வேன் ஸ்டாண்டிலிருந்து சக ஓட்டுநர் பாண்டி கத்தினான். நின்றிருந்த வேன்களெல்லாம் ஹாரன் அடித்தன. நடுச்சாலையில் நின்று கைத்தடியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன். இரண்டு பஸ்கள் எனக்காகக் காத்து நின்றன.

இப்போது நான் வண்டி ஓட்டுவதில்லை. ஸ்டாண்டில் சவாரி பிரித்துக் கொடுக்கிறேன். மருந்தைத் தவறவிடுவதில்லை. வெயிலில் கால் கனத்தால் உட்கார்ந்துவிடுகிறேன். ஸ்டாண்டிலிருந்து டீக்கடைக்கு எண்பது காலடி தூரம். முன்பெல்லாம் போனதும் வந்ததும் நினைவிலேயே நிற்காது. இப்போது நான்கு நிமிடம் ஆகிறது. அதில் ஓர் அடிகூட எனக்குத் தெரியாமல் விழுவதில்லை.