இரண்டாவது பேஸ் பெட்டி

காது கேளாத ஒரு விதவையிடம் பொய் சொல்லி, அவள் வீட்டு ஸ்பீக்கர் பெட்டியை நான் எடுத்து வந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லப்போவதை நீங்கள் நம்பாமல் போனாலும் இதையாவது நம்புங்கள். ஆவி, அமானுஷ்யம் என்று எதையும் நம்பியவன் இல்லை நான். புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் முப்பது வருஷம் பௌதிகம் நடத்தியவன். மாணவர்கள் அந்த மாதிரி கதை கொண்டுவந்தால், அன்னிக்கு எத்தனை டிகிரி ஜுரம்ப்பா உனக்கு என்று கேட்டு மானத்தை வாங்கியிருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. அண்ணன் தம்பிகள் வீட்டைப் பாகம் பிரித்தபோது எனக்கு வந்த மாடி அறை முறம் மாதிரி இருக்கும், ஒரு பக்கம் பத்தடி, போகப்போகக் குறுகி மறுபக்கம் நாலடி. அதில்தான் நானே செய்த ஆம்ப்ளிஃபயரை வைத்து இசைத்தட்டு கேட்பேன். உடன் ஒரு பெரிய பேஸ் பெட்டி, அதாவது தாழ்ந்த ஒலிகளுக்கென்றே உள்ள பதினைந்து அங்குல ஸ்பீக்கர். அதைக் கொடுத்தவர் தேவராசு, சினிமா கொட்டகை ஆபரேட்டர். கொட்டகையில் புது ஸ்பீக்கர் போட்டபோது திரைக்குப் பின்னாலிருந்த பழைய ஜோடி அவருக்குக் கிடைத்தது. ஒன்றை எனக்குக் கொடுத்தார், ஒன்றைத் தன் மனைவிக்காக வைத்துக்கொண்டார்.

மனைவிக்காக என்றேனே, அதைச் சொல்ல வேண்டும். அவள் பெயர் அஞ்சலை. மில்லில் தறிக்கூடத்தை ஒட்டிய பிரிவில் பதினெட்டு வருஷம் நின்றதில் காது போய்விட்டது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வாள். மத்தியானம் சாப்பிட்டதும் தேவராசு இசைத்தட்டு போடுவார், அஞ்சலை பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து மேல்பலகையில் வலது கையை வைத்துக்கொள்வாள். அந்த அதிர்வுதான் அவளுக்குப் பாட்டு. தாளம் பிடிபட்டதும் ஆள்காட்டி விரல் மட்டும் தூக்கித் தூக்கித் தட்டும். "இவளுக்கு ராகம் கிடையாது முசே, தாளம் மட்டுந்தான், என் பொழப்பு மாதிரி" என்பார் தேவராசு; முசே என்றால் எங்கள் ஊர்ப் பிரெஞ்சில் ஐயா. அவள் அவர் உதட்டைப் பார்த்துவிட்டு, "ராகம் பாடறவங்களை நானும் பாத்துருக்கேன்" என்பாள்.

என் அறையில் ஒரு தொல்லை. சின்ன அறையில், அதிலும் கோணல் அறையில், தாழ்ந்த ஒலி சுவரில் முட்டித் திரும்பி வந்து தன்னையே அடித்துக்கொள்ளும். சில இடத்தில் குமுறும், சில இடத்தில் ஒன்றுமே இருக்காது. அந்த ஒன்றுமில்லாத இடத்தில்தான் என் நாற்காலி. கதவு திறக்கும் பக்கம் போக நாற்காலிக்கு வேறு இடம் கிடையாது. மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடது பக்கத்துத் தாழ்ந்த ஒலி, அப்படியே காணாமல் போகும், எழுந்து இரண்டடி நடந்தால் வயிற்றில் இடிக்கும். இதற்கு ஒரே வழி, அதே மாதிரி இன்னொரு பெட்டியை வேறொரு இடத்தில் வைப்பது. ஒன்று விட்ட இடத்தை மற்றது நிரப்பும்.

தேவராசு இறந்து நான்கைந்து மாதம் இருக்கும். ஊரிலிருந்து வந்த பெண் தட்டு போட்டுப் பார்த்தும் பெட்டி பேசவில்லை என்று அஞ்சலை ஆள் அனுப்பினாள். முதலியார்பேட்டைக்குப் போய்ப் பின்பலகையைக் கழற்றினேன். ஒரு கம்பியின் ஈயப் பற்று விட்டிருந்தது, அவ்வளவுதான், ஐந்து நிமிஷ வேலை. அவள் எதிரில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ள இருக்கற கம்பிச் சுருளே கருகிப்போச்சும்மா, இனிமே ஆகாது என்றேன். அவளுக்குப் புரிய வேண்டுமே என்று உதட்டை நன்றாக அசைத்து நிதானமாகச் சொன்னேன். இன்றைக்கும் என்னைக் கூச வைப்பது அந்த நிதானம்தான். "அப்ப நீங்களே எடுத்துட்டுப் போங்க சார், இங்க இருந்தா எலிதான் குடித்தனம் பண்ணும்" என்றாள். டீ வேறு போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டுத்தான் ரிக்‌ஷா பிடித்தேன்.

இரண்டாவது பெட்டிக்கு இடம் கண்டுபிடிக்க ஒரு முறை உண்டு. பெட்டியை நாம் உட்காரும் நாற்காலியில் ஏற்றி வைத்துப் பாட விட்டு, நாம் தரையில் தவழ வேண்டும். தொப்பிச் சத்தம் எங்கே ஒழுங்காகக் கேட்கிறதோ அங்கே பெட்டியைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுவரோரமாகத் தவழ்ந்ததை என் மனைவி பார்த்தாள். பெட்டி நாற்காலியில, புருஷன் தரையில, நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டுக் கீழே போனாள். பெட்டியை அஞ்சலையே வேண்டாமென்று கொடுத்ததாக மனைவியிடமும் சொல்லியிருந்தேன்.

இடம் கிடைத்தது. அறை நிரம்பியது. ஒரு வாரம் சொர்க்கம். ஒருநாள் மத்தியானம் அந்த ஸ்பீக்கரைச் சோதிக்க, கல்லூரி ஆய்வகக் கருவி ஒன்றைக் கொண்டுவந்து, பாட்டே இல்லாமல் ஒரே தாழ்ந்த ஸ்வரத்தை அரை மணி நேரம் ஓட விட்டேன்.

அதன் பிறகுதான் ஆரம்பித்தது. கோடை விடுமுறை, மத்தியானம் இரண்டு மணி, தெருவில் கடையெல்லாம் கதவைச் சாத்தியிருக்கும் நேரம். தட்டு போட்டதும் புதுப் பெட்டியின் சத்தம் லேசாக அமுங்கும், யாரோ மேலே கை வைத்த மாதிரி. காலையில் அமுங்காது, சாயங்காலம் அமுங்காது. கம்பிகளைப் பார்த்தேன், திருகாணிகளை முறுக்கினேன், ஒன்றும் இல்லை. பலகை எங்கே அதிர்கிறது, எங்கே அதிரவில்லை என்று பார்க்க பௌதிகக்காரனுக்கு ஒரு வழி தெரியும். முகப் பவுடரை மேலே தூவினேன்.

நம்பினால் நம்புங்கள். பலகை முழுக்கப் பவுடர் துள்ளியது, ஒரு இடம் தவிர. அந்த இடம் ஒரு கை. ஐந்து விரலும் தெரிந்தது. அதிர்வில் இப்படி உருவங்கள் விழும், வகுப்பிலேயே செய்து காட்டியிருக்கிறேன். ஆனால் ஸ்வரம் மாறினால் உருவமும் மாற வேண்டும். நான் தட்டை மாற்றினேன், கை மாறவில்லை. அதைவிட, ஆள்காட்டி விரல் இருந்த இடத்தில் மட்டும் பவுடர் துள்ளும், அடங்கும், துள்ளும், அடங்கும். பார்த்துக்கொண்டே இருந்தவனுக்கு அது ஆதி தாளம் என்று புரிந்தது. என்ன தோன்றியதோ, என் கையை எடுத்து அதன்மேல் வைத்தேன். என் கையைவிடச் சின்னது. பலகை அங்கே அசையவில்லை, வெதுவெதுப்பாக இருந்தது. கையை இழுத்துக்கொண்டு எல்லாவற்றையும் நிறுத்தினேன். அது யார் கை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவள் செத்துப்போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

மறுநாள் காலை பெட்டியை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அந்த வீட்டு வாசலில் கூட்டம் நிற்கும் என்று பயம். கூட்டம் இல்லை. அஞ்சலை வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். அந்த நிமிஷம் எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது, ரிக்‌ஷாவிலேயே அழுதுவிட்டேன். ரிக்‌ஷாக்காரர் திரும்பிப் பார்த்தார்.

உள்ளே பெட்டி இருந்த இடம் பெருக்கிச் சுத்தமாகக் கிடந்தது. அங்கே வைத்திருந்த அரிசி டின்னை நேற்றுச் சாயங்காலம்தான் சமையலறைக்கு நகர்த்தினேன் என்றாள். நான் அவள் எதிரில் உட்கார்ந்து, அன்றைக்கு மாதிரியே உதட்டை அசைத்து, கருகலைம்மா, பொய் சொன்னேன் என்றேன்.

"தெரியுமே" என்றாள். "மத்தியானத்துல டின்னுமேல கை வெச்சிருப்பேன். நீங்க எடுத்துட்டுப் போன மறுவாரமே கைக்குப் பாட்டு வந்துடுச்சு. ஒருநாள் பாட்டே இல்லாம அரை மணி மில்லு ஓடற மாதிரி ஒரே இரைச்சல். எனக்குக் கோவமா வந்துச்சு."

என் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் ஒன்றரை மைல்.

தெரிந்தும் ஏன் என்னிடம் வந்து கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா வெக்கப்பட்டுப் பாட்டை நிறுத்திடுவீங்க. இங்க எனக்கு யாரு போடறது?" பிறகு முந்தானையால் வலது புறங்கையைத் துடைத்தபடி சொன்னாள். "நேத்து என் கைமேல கை வெச்சீங்க இல்ல. வேர்த்து நடுங்குச்சு. சரி, சார் எடுத்தாந்துடுவாருன்னு இடத்தைப் பெருக்கி வெச்சேன்."

அவள் கண்ணெதிரிலேயே அந்தக் கம்பியைக் காட்டினேன், இதுதான் பழுது, இவ்வளவுதான் என்று. ஈயத்தில் பற்ற வைத்திருந்ததைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அடுத்த வாரம் என்னுடைய பெட்டியையும் கொண்டுபோய் எதிர்ப்பக்கம் வைத்தேன். வேண்டாம் என்றவள், இரண்டிலும் ஒவ்வொரு கையை வைத்துப் பார்த்த பிறகு எடுக்கவே இல்லை. ஊசி வைக்கக் கற்றுக்கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் தட்டுகளை எடுத்துக்கொண்டு போவேன். அவள் தன் பெண் வீட்டோடு கடலூருக்குப் போகும்வரை ஏழெட்டு வருஷம் அப்படிப் போனது. டின்னில் அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லையாம். என் நாற்காலியில் மறுபடி தொப்பி இல்லை, நான் வேறு பெட்டி தேடவுமில்லை. நன்றாகத் தூங்கினேன்.

ஒன்றுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் நகர்ந்து உட்கார்ந்து, பெட்டியில் வைத்திருந்த தன் கையைக் கண்ணால் காட்டி, "நீங்களும் வைங்க சார்" என்றாள். அன்று பலகையில் பட்ட அந்த வெதுவெதுப்பு அப்படியே அவள் கையிலும் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று நான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

"பயமா?" என்று சிரித்தாள்.

அவளுக்குப் புரிகிற மாதிரி உதட்டை நன்றாக அசைத்து, "ஆமாம்மா" என்றேன்.