ஹமீதா பீவியம்மாவும் கிளச் சத்தமும்

கன்னிவாடியில் வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது பேகம்பூர்க்காரர் ஒருவர் வந்து சொன்னார்: "ஒங்க பழைய மொதலாளியம்மா மௌத்தாயிட்டாக." யார் சொன்னது, எப்போது என்று துருவிக் கேட்டேன். அவர் முகம் சுளித்தார். நேரே பேகம்பூர் போனேன். செய்தி உண்மைதான், அம்மா இறந்துவிட்டார்.

ஹமீதா பீவியம்மாவை அறிந்த உங்களுக்கு அவருடைய சந்தேகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கணவர் இறந்தபின் தோல் மண்டியையும் ஒரு பழைய லாரியையும் தனியாக நடத்தியவர். "எங்க தெருவுல பாதிப்பேரு நம்பிக் கெட்டவங்கதான்" என்பார். ஐம்பதுகளின் கடைசியில் நான் டிரைவராகச் சேர்ந்தேன். எனக்கு முன்பிருந்த சென்னியப்பனை அவர் வேலையைவிட்டு நிறுத்தியிருந்தார். கிளச்சை மிதித்தால் கீச்சென்று சத்தம் வந்ததாம். ஓட்டும்போது பெடல்மேல் காலை வைத்தபடியே இருந்து கெடுத்துவிட்டார் என்பது பழி. புதுக் கிளச் பேரிங் போட்டு வண்டியை என்னிடம் கொடுத்தார்கள்.

சில மாதத்தில் அதே சத்தம். கியர் பாக்ஸைப் பிரிக்க வேண்டும் என்றார் மெக்கானிக். அம்மா அவரையும் நம்பவில்லை, என்னையும் நம்பவில்லை. முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"நியூட்ரல்ல வச்சு மிதி, முத்தையா."

மிதித்தேன். கீச்சென்றது.

"கால எடு."

அடங்கியது.

"மிதிச்சாத்தானே கத்துது? அப்ப கியர் பாக்ஸ் என்ன பாவம் செஞ்சுச்சு? போன தடவையே விசாரிச்சு வச்சிருக்கேன், இது கிளச் பேரிங்தான். ஒன் காலப் பாக்கணும். வண்டிய எடு."

ஒட்டன்சத்திரம் வரை என் இடதுகாலைவிட்டு அவர் கண் நகரவில்லை. கியர் மாற்றும்போது தவிர, கால் பெடல் பக்கம் போகவில்லை. வண்டியை நிறுத்தச் சொல்லி, குனிந்து பெடலைக் கையால் தூக்கிப் பார்த்தார். மிதிக்காமலே அது தாழ்ந்து கிடந்தது. நான் அடியில் படுத்துப் பார்த்தேன். பெடலை மேலே இழுக்கும் ஸ்பிரிங்கே இல்லை. அது இல்லாததால் பேரிங் எந்நேரமும் உரசித் தேய்ந்திருக்கிறது. ஸ்பிரிங் மாட்டும் துளையில் பழைய கிரீஸும் மண்ணும் கல்லாக இறுகியிருந்தன. பல வருடமாக, சென்னியப்பன் ஓட்டிய காலத்திலும், அங்கே எதுவும் மாட்டியிருக்கவில்லை.

அம்மா மறுபடி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பிறகு, "நெய்க்காரப்பட்டிக்கு விடு" என்றார். அது சென்னியப்பன் ஊர். என் வேலை போனது என்றே நினைத்தேன்.

தோட்டத்தில் மடை மாற்றிக்கொண்டிருந்த சென்னியப்பன் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. "ஏனுங்க, இன்னும் என்ன பழி சொல்ல வந்தீங்க?"

"சொன்ன பழிய எடுத்துக்க வந்தேன். ஒங்க கால்ல தப்பில்ல. வேலைக்கு வாங்க."

அவர் நம்பவில்லை. தானே வண்டிக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "வேலை வேண்டாங்க. வண்டியக் கெடுத்தவன்னு இந்த ஊரே பேசுதுங்க. டீக்கடையில வந்து சொல்லுங்க."

அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் பின்னால் நடந்தார். கடை முன் நின்று, அங்கிருந்த ஆண்களிடம், "இவர் மேல நான் சொன்னது பொய். பாக்காமச் சொல்லிட்டேன்" என்றார். சென்னியப்பன் ஒரு டீ வாங்கி அவரிடம் நீட்டினார். அம்மா நின்றபடியே குடித்தார்.

திரும்பும்போது கேட்டேன்: "அவர் வாரேன்னு சொல்லியிருந்தா என் வேலை?"

"போயிருக்கும்" என்றார்.

அதற்குப் பிறகும் அவர் சந்தேகப்படுவதை விடவில்லை. ஆனால் கண்ணால் பார்க்காமல் யார் மேலும் பழி சொன்னதில்லை. இப்போது எனக்குச் சொந்தமாக ஒரு லாரி இருக்கிறது. அதன் டிரைவர்மேல் சந்தேகம் வந்தால், முதலில் வண்டிக்கடியில் படுக்கிறேன். என் கணக்கு தப்பென்று தெரிந்தால், பேசிய இடத்திலேயே போய்த் திருத்திச் சொல்கிறேன். சொல்லும்போது நாக்கு புரள மறுக்கிறது. அந்த அம்மாவுக்கும் அன்று அப்படித்தான் இருந்திருக்கும்.