கடலுக்குள் நடந்து போன மாமா

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமல்லபுரம் கடற்கரையில் நடந்தது இது. என் கணவர் காரை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தார். நான் என் மாமனாரை ஒரு படகின் நிழலில் உட்கார வைத்துவிட்டு இளநீர் வாங்கப் போனேன். வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தால், படகின் பக்கத்தில் அவருடைய செருப்பு மட்டும் கிடந்தது.

மாமா வேட்டி சட்டையோடு கடலுக்குள் நின்றிருந்தார். இடுப்பளவு தண்ணீர். அலை வந்து மோதியபோது தடுமாறினாரே தவிர, திரும்பவில்லை. இன்னும் உள்ளேதான் போனார். இளநீரைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். மீன் வறுத்து விற்கும் ஒரு அக்கா அதைப் பார்த்துக் கத்தியதில், வலை பிரித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் பாய்ந்து போய் அவரை இழுத்து வந்தார்கள். மணலில் கிடத்தினோம். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. தோளைப் பிடித்து உலுக்கினேன். என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "யாரும்மா நீ?" என்றார்.

மாமா வேடந்தாங்கல் பக்கத்தில் ஒரு கிராமத்தில் விவசாயம் செய்தவர். அத்தை இறந்த பிறகு, தனியாக விட மனமில்லாமல் கேளம்பாக்கத்தில் எங்கள் பிளாட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். நானும் கணவரும் வேலைக்குப் போனால் திரும்பி வர இருட்டிவிடும். மதியச் சாப்பாட்டை மேஜைமேல் மூடி வைத்துவிட்டுப் போவேன். சாயங்காலம் வந்து பார்த்தால் தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும். யாரிடமும் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கேட்டு வாங்கிக் குடிக்காத மனிதர். சர்க்கரை மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் போட்டுக்கொள்வார்.

கடற்கரைச் சம்பவத்துக்கு முன்பே ஒருமுறை அவருக்கு அப்படி ஆகியிருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. படிக்கட்டில் வியர்த்துப்போய் உட்கார்ந்திருக்கிறார், ஏதேதோ உளறுகிறார் என்றார்கள். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அவர்களே ஜூஸ் கொடுத்திருந்தார்கள். கொஞ்சம் தெளிந்திருந்தார். மருத்துவமனையில் பரிசோதித்தபோது சர்க்கரை கூடுதலாக இருந்ததால் மாத்திரையின் அளவை ஏற்றினார்கள். மயங்கி விழ வாய்ப்பிருக்கிறது, பாத்ரூம் கதவைத் தாழ் போட விடாதீர்கள் என்றும் சொன்னார்கள். என் கணவர் அன்றைக்கே தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார்.

கடலில் இறங்கிய பிறகு நாங்கள் பார்க்காத டாக்டர் இல்லை. மறதி நோயின் ஆரம்பம் என்றார் ஒருவர். மனைவி போன துக்கம், மனச்சோர்வு என்றார் இன்னொருவர். ஸ்கேன் எடுத்தோம். மாத்திரைகள் ஒரு பை நிறையச் சேர்ந்தன. மாமா பாதி நாள் தூங்கியே கழித்தார். விழித்திருக்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் சாகத்தான் கடலில் இறங்கினார் என்று சொந்தக்காரர்கள் எங்கள் காதுபடவே பேசினார்கள். எங்களுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. பால்கனிக் கதவைப் பூட்டினோம். ஆபீசில் போன் அடித்தால் முதலில் பக்கத்து வீட்டு நம்பரா என்று பார்ப்பேன். வீட்டுக்கு வந்து சாவியைத் திருகும்போது, உள்ளே ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுப்பேன்.

கருங்குழியில் நாத்தனார் வீட்டில் ஒரு காதுகுத்து. மாமாவையும் அழைத்துப் போயிருந்தோம். பந்தி போடுவதற்குக் கொஞ்சம் முன்னால், நாற்காலியில் இருந்தபடியே அவர் சரிந்தார். சட்டை முழுக்க வியர்வை. கூப்பிட்டால் பதில் இல்லை. காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு செங்கல்பட்டுக்கு விரட்டினோம். ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. மாமாவின் தலை என் மடியில். மூச்சு வருகிறதா என்று அவர் மூக்கினடியில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஓட்டிக்கொண்டிருந்த கணவர், "இருக்காரா?" என்று கேட்டார். மூச்சு வருகிறது என்றேன். திரும்பிப் பார்க்கப் பயந்து ரோட்டையே பார்த்து ஓட்டினார்.

அது ஒரு சின்ன மருத்துவமனை. ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு டாக்டரம்மா இருந்தார். முதல் வேலையாக விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது. சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. ஊசி வழியாகக் குளுக்கோஸ் ஏற்றிய கொஞ்ச நேரத்தில் மாமா கண் திறந்து, "இன்னாம்மா, எங்க கீறோம்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

கையில் இருந்த மாத்திரைப் பையை நீட்டினேன். டாக்டர் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எந்த ஊர், என்ன பயிர் வைத்தீர்கள், ஏரியில் தண்ணீர் இருந்ததா என்று கேட்டார். மாமாவும் மெதுவாகப் பதில் சொன்னார். இத்தனை டாக்டர்களிடம் போயும் அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. அப்புறம்தான் டாக்டர், "காலைலேர்ந்து இன்னா சாப்ட்டீங்க?" என்று கேட்டார்.

"மாத்திரை போட்டேன்."

"மாத்திரை சரி. சாப்பாடு?"

மாமா என்னைப் பார்த்தார். உடனே தலையைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் எங்கள் இருவரையும் வெளியே போகச் சொன்னார்.

கதவுக்கு வெளியே நின்றபோது என்னென்னவோ தோன்றியது. நான் போட்ட சோறு பிடிக்கவில்லையா, நிஜமாகவே சாக நினைக்கிறாரா என்று மனது அடித்துக்கொண்டது. ரொம்ப நேரம் கழித்து உள்ளே அழைத்தார். மாமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அவரால் சொல்ல முடியவில்லை, நான் சொல்ல அனுமதி வாங்கியிருக்கிறேன் என்று டாக்டர் ஆரம்பித்தார்.

மாமாவால் சிறுநீரை அடக்க முடிவதில்லை. வயதான ஆண்களுக்கு வருகிற சாதாரணப் பிரச்சினை. ஒரு நாள் ஹாலைத் தாண்டுவதற்குள் போய்விட்டிருக்கிறது. நாங்கள் வருவதற்குள் தன் வேட்டியாலேயே தரையைத் துடைத்திருக்கிறார். அன்றிலிருந்து பகலில் சோறு, தண்ணீர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். நான் வைத்துவிட்டுப் போன சாப்பாட்டைக் கீழே தெருநாய்களுக்குப் போட்டிருக்கிறார். தாழ்ப்பாளைக் கழற்றிய பிறகு, நான் வீட்டில் இருந்தால் பாத்ரூம் பக்கமே போகக் கூசியிருக்கிறார். ஆனால் மாத்திரையை மட்டும் விடவில்லை. வெறும் வயிற்றில் அது அவர் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. முதல் தடவை ஜூஸ் குடித்த பிறகு சோதித்ததால் அது தெரியாமல், அளவை வேறு ஏற்றிவிட்டிருக்கிறார்கள்.

என் கணவர் தயங்கித் தயங்கி, "அப்போ அன்னைக்கு, கடல்ல?" என்று கேட்டார்.

மாமா திரும்பாமலே பேசினார். "அவசரமா வந்துச்சு. மருமவகிட்ட எப்படிக் கேக்கறது? தண்ணிக்குள்ள போய்ட்டா வேட்டி நனைஞ்சது தெரியாதுன்னு எறங்கினேன். அப்பால ஒண்ணும் நெனப்பு இல்ல."

கணவர் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

டாக்டர் அவரை அங்கேயே தங்க வைத்துக் கவனித்தார். சர்க்கரை மாத்திரையை மாற்றினார். மற்றவற்றில் சிலவற்றை உடனேயும் சிலவற்றைப் படிப்படியாகவும் நிறுத்தினார். சிறுநீர்ப் பிரச்சினைக்குத் தனி டாக்டரிடம் அனுப்பினார். வீட்டில் பாத்ரூமுக்குப் புதுத் தாழ்ப்பாள் வாங்கிப் போட்டோம். அவசரத்துக்கு வெளியிலிருந்தும் திறக்கக்கூடியது. கணவர் முடிந்தவரை வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். மதியம் இருவரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். மாமா இப்போது தெளிவாக இருக்கிறார். சாயங்காலம் டீக்கடை வரை தனியாக நடந்து போய் வருகிறார்.

அந்த விஷயத்தை நாங்கள் அதற்குப் பிறகு பேசியதே இல்லை. ஒரே ஒரு தடவை அவராகவே சொன்னார்: "அந்த டாக்டரம்மா மொதல்ல ஏரியில தண்ணி கீதான்னு கேட்டுச்சு. அதனாலதான்மா வாயத் தொறந்தேன்."

அன்று அந்த டாக்டரும் எங்கள் பையைப் பார்த்துவிட்டு இன்னொரு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். ஒரு மனிதர் எங்கள் கண் முன்னாலேயே வெட்கத்தால் செத்துப் போயிருப்பார். நாங்களும் அதற்கு ஏதோ ஒரு நோயின் பெயரைச் சொல்லிவிட்டு இருந்திருப்போம்.