அப்பா சொன்ன 'நோ'

மார்கழிப் பனியில் மண்ணெண்ணெய்ப் புகை கலந்த வாசனை எங்கே வந்தாலும், ஸ்ரீரங்கத்துக்கும் லால்குடிக்கும் நடுவில் என் அப்பா காவல் இருந்த ரயில்வே கேட்டும், வெள்ளைக்காரர் காலத்து அந்த ஒரு வாரமும் என் முன்னே வந்து நிற்கும். ரயிலுக்காக அப்பா அடைத்திருந்த கேட்டில், விடியற்காலைப் பனியில் வந்த நெல்வண்டி ஒன்று மோதிச் சட்டத்தை முறித்துவிட்டது. வண்டி வருவதைப் பார்த்தும் அப்பா சிவப்பு விளக்கைக் காட்டவில்லை என்று புகார் போயிற்று. வெள்ளைக்காரத் துரையின் விசாரணையில் அது உண்மையென்று ஆகிவிட்டால் வேலையும் போகும், நாங்கள் குடியிருந்த 'கோட்டர்ஸும்' போகும்.

"துரை என்ன கேட்டாலும் 'எஸ் சார்'னு சொல்லிட்டு வந்துடுய்யா, கோவிச்சுக்க மாட்டாரு" என்றார்கள் கூட வேலை பார்த்தவர்கள். அப்படிச் சொல்லியே வேலையிழந்தவர்களும் உண்டு. திருச்சியில் மிஷன் பள்ளியில் படித்த என் அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. தமிழில் நமக்கு எல்லாமே 'பார்க்கிறது'தான், இங்கிலீஷில் அப்படியில்லை என்று தினமும் அப்பாவை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தாள்.

"'லுக்'னா கண்ணைத் திருப்புறதுப்பா. 'சீ'ன்னா கண்ணுல படுறது. 'வாட்ச்'னா கண்ணை எடுக்காம நிக்கிறது, பால் காயுறப்ப அம்மா நிக்கிற மாதிரி."

"நான் நிக்கிறப்ப அது எங்க பொங்குது? திரும்பினாத்தானே பொங்குது!" என்றாள் அம்மா.

விசாரணையன்று நானும் அக்காவும் சோற்றுத் தூக்கோடு திருச்சி ரயில்வே ஆபீஸ் வராந்தாவில் நின்றோம். ரோட்டுப் பக்கம் 'லுக்' பண்ணினாயா என்று துரை இங்கிலீஷில் கேட்டது ஜன்னல் வழியே எங்களுக்கும் கேட்டது. "எஸ் சார்" என்றார் அப்பா. வண்டியை 'சீ' பண்ணினாயா என்று அடுத்த கேள்வி வந்தது.

"எஸ் சொல்லுய்யா, நேரமாகுது" என்று பக்கத்திலிருந்த குமாஸ்தா முணுமுணுத்தார்.

"நோ சார்!" என்றார் அப்பா. "லுக், எஸ். சீ, நோ. பனி சார்." சொல்லிவிட்டு உள்ளங்கையால் தம் கண்களை மூடிக் காட்டினார்.

பனி என்றால் என்னவென்று குமாஸ்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட துரை பேனாவை எடுத்தார். வேலை நிலைத்தது.

திரும்பும் வழியில் அப்பா காவிரிப் பாலத்தின் நடுவில் நின்று அக்காவிடம் கேட்டார்: "ஆத்தா, அந்த 'நோ'வ நான் சத்தமாவா சொன்னேன்?"

"வராந்தா வரைக்கும் கேட்டுச்சுப்பா."

கேட் இருந்த இடத்தில் இன்று ரயிலுக்கு அடியில் சாலை போகிறது. துரைகளும் இல்லை, அப்பாவும் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவன். ஆனாலும் உங்கள் அப்பா என்ன வேலை பார்த்தார் என்று யாராவது கேட்டால், கேட்கீப்பர் என்று சத்தமாகவே சொல்கிறேன்.