மூட்டைப்பூச்சிக் காற்று

பிளஸ் ஒன் படிக்கும்போது எங்கள் பள்ளிக்கு ஒரு யோகம் அடித்தது. வெளிநாட்டுப் பிள்ளைகளோடு இன்டர்நெட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். அவரவர் ஊரில் காற்றும் தண்ணீரும் எப்படிக் கெட்டிருக்கிறது என்று ஒப்பிட வேண்டும். எனக்கு ஜோடியாக வாய்த்தவள் போலந்துக்காரி. பள்ளிக் கம்ப்யூட்டர் பாதி நாள் படுத்துவிடும். அதனால் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு எழுதுவேன்.

அவள் ஊரில் குளிர்காலம் வந்தால் வீட்டுக்கு வீடு நிலக்கரி எரிப்பார்களாம். ஜன்னலில் படிந்த கரியைப் படம் எடுத்து அனுப்பினாள். நான் எதைப் படம் எடுப்பேன்? எங்கள் தெரு சிப்காட் கெமிக்கல் ஃபேக்டரிகளை ஒட்டியிருந்தது. எங்களுக்கு வாய்த்தது நாற்றம். அதற்குப் பெயர்கள் மட்டும் வகைவகையாக உண்டு. ஒன்று அழுகின முட்டை, ஒன்று நெயில் பாலிஷ், ஒன்று மூட்டைப்பூச்சி. மூட்டைப்பூச்சியை நசுக்கினால் வருமே, அச்சு அசல் அதே நாற்றம். அது வந்துவிட்டது, கதவைச் சாத்து என்று அம்மா சத்தம் போட்டால் நாங்கள் ஆளுக்கொரு ஜன்னலுக்கு ஓடுவோம்.

எங்களுக்குப் பழகிப்போன பேச்சு அப்படியே இங்கிலீஷில் போய்விட்டது. ‘எங்கள் ஊருக்கு வாரத்தில் மூன்று நாள் மூட்டைப்பூச்சி வரும். காற்று திரும்பினால் போய்விடும்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

பாவம், அவள் பதறிப்போய் இரண்டு பக்கத்துக்குப் பதில் எழுதியிருந்தாள். மெத்தையை வெயிலில் போடு, போர்வையை வெந்நீரில் ஊற வை என்று அவளுடைய அம்மாவிடம் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறாள். காற்றில் பறந்து வரும் மூட்டைப்பூச்சியை அவர்கள் நாட்டில் யாரும் பார்த்ததில்லையாம். பிரவுசிங் சென்டர் என்றும் பாராமல் விழுந்து விழுந்து சிரித்தேன்.

விஷயத்தை விளக்கி எழுதினேன். அவள் சிரிக்கவில்லை. அது எந்த ஃபேக்டரியிலிருந்து வருகிறது, பெயரைச் சொல், நம் இரண்டு வகுப்பும் கையெழுத்துப் போட்டு அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்றாள். எங்கள் டீச்சருக்கும் அந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். எந்த ஃபேக்டரி என்று எனக்கா தெரியாது? அப்பா அங்கேதான் கான்ட்ராக்டில் டிரம் உருட்டிக்கொண்டிருந்தார். அவர் சட்டையை அம்மா தனி வாளியில்தான் ஊறவைப்பாள். அந்தக் கடிதத்தில் என் கையெழுத்து இருப்பது தெரிந்தால், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவரை அனுப்பிவிடுவார்கள். அவருக்காகப் பேச அங்கே நாதி கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை, நாற்றத்தைப் பற்றி உங்கள் கம்பெனிக்குக் கடிதம் எழுதவா என்று அப்பாவிடமே கேட்டுவிட்டேன். “அவ்ளோவா நாறுது?” என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சோறு போடும் கம்பெனி என்பதற்காக இப்படியா பூசி மெழுகுவது? “உங்க சட்டையிலயே வருதேப்பா, உங்களுக்குத் தெரியாதா?” என்று கத்திவிட்டேன்.

அப்பா சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“எனக்கு எந்த வாசனையும் தெரியறதில்லமா. ரெண்டு வருஷம் ஆவுது. கொழம்பு கொதிக்கறதே சத்தத்த வெச்சுதான் தெரியும். அம்மாகிட்ட சொல்லிடாத.”

பேசின வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுதவா வேண்டாமா என்று மறுபடி கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மறுநாள் போலந்துக்காரிக்கு, எந்த ஃபேக்டரி என்று தெரியாது என்று எழுதினேன். அவள் நம்பிவிட்டாள். பரவாயில்லை, கண்டுபிடிப்பது கஷ்டம்தான் என்று எனக்கே ஆறுதல் சொன்னாள்.

உண்மையை எழுதியிருந்தால் அப்பாவுக்கு வேலை போயிருக்கும். மூக்காவது திரும்பியிருக்குமோ என்னவோ. அவர் இன்னும் நான்கு வருஷம் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு அதே கேட்டுக்குள் போனார். அந்தச் சம்பளத்தில்தான் நான் சிதம்பரத்தில் காலேஜ் படித்து முடித்தேன்.