மூன்றடிக் குழி

ஆரோக்கியசெல்விக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று அனுமந்தையில் பேசிக்கொள்வார்கள். முப்பது வருஷம் வெயிலில் உப்பு வாரி, பாதம் பாளம் பாளமாக வெடித்துப்போனவளுக்குக் கோபம் வேறு எங்கே இருக்கும்? பீரோவில் பூட்டியா வைத்திருப்பாள்?

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினாலு வயதில் மரக்காணம் உப்பளத்தில் இறங்கினாள். கணவன் சகாயராஜ் புதுச்சேரியில் கொத்து வேலை செய்கிறான். போன வருஷம் அவள் காலில் வந்த புண் ஆறவே இல்லை. இனி உப்புத்தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் ஊருக்குள் பசுமைக் குழு வந்தது.

பணம் போட ஒரு கம்பெனி, திட்டம் போட சென்னையிலிருந்து ஓர் அறக்கட்டளை, பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் பாடம் நடத்தப் பள்ளிக்கூடம், ஊர் சார்பில் ஏழு பெரிய மனிதர்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து உப்பளம் போகிற ரோட்டில் முந்நூறு செடிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயர் எழுதிய அட்டை. தண்ணீர் ஊற்றுகிற வேலை ஆரோக்கியசெல்விக்கு. மூன்று சக்கர வண்டியில் இரண்டு ட்ரம்மும் கொடுத்தார்கள்.

ஜூன் மாத வெயிலில் ஜேசிபி வந்து மூன்றடிக்கு மூன்றடி குழி தோண்டியது. மத்தியானத்துக்குள் குழிகளின் அடியில் ஈரம் கசிந்தது. அந்த மண்ணில் மூன்றடி தோண்டினால் உப்புத்தண்ணீர் ஊறும். அதை இறைத்துத்தானே பாத்தியில் விடுகிறார்கள்! உப்புக்கு வரம், செடிக்கு எமன். அங்கே மரம் வைப்பதென்றால் ஐப்பசி மழை உப்பைக் கழுவிய பிறகு, முழங்கால் உயரம் மேடு கட்டி அதன்மேல் வைப்பார்கள். உப்பளத்தில் ஒரு நாள் வேலை பார்த்தவனுக்கும் இது தெரியும்.

அறக்கட்டளையின் அதிகாரி கௌதமனிடம் போய் நின்றாள்.

"சார், குழி வேணாம் சார். மழைக்கு அப்புறம் மேடு கட்டி வைங்க. இது நிக்காது."

அவர் சிரித்துக்கொண்டே லேப்டாப்பைத் திருப்பிப் படத்தைக் காட்டினார். "எக்ஸ்பர்ட் போட்ட டிசைன் அக்கா. நீங்க தண்ணிய மட்டும் பாத்துக்குங்க."

தொடக்க விழா மேடையில் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்த ஏழு நாற்காலிகளைப் பார்த்தாள். நடுவில் அஹமது கபீர். இருபது வருஷமாக உப்பு மண்டி நடத்துகிறவர். நீங்களாவது சொல்லுங்களேன் என்று கண்ணாலேயே கேட்டாள். தோளில் விழுந்த சால்வையைச் சரிசெய்தபடி அவர் வேறு பக்கம் பார்த்தார்.

புண்காலை இழுத்துக்கொண்டு காலையிலும் மாலையிலும் ஊற்றினாள். ஒரு நாள் தவறவில்லை. இலைகள் ஓரத்திலிருந்து கருகின. மனசு கேட்காமல், யாரையும் கேட்காமல், இருபத்திரண்டு செடிகளைப் பிடுங்கி மேடு கட்டி வைத்தாள். அவை பிழைத்தன. மீதியெல்லாம் ஆவணிக்குள் குச்சியாக நின்றன.

பிப்ரவரியில் பள்ளிக்கூடத்தில் சுற்றுச்சூழல் கண்காட்சி. அவளையும் கூப்பிட்டார்கள். மரியாதை செய்யத்தான் என்று நம்பி, நல்ல புடவை கட்டிக்கொண்டு போனாள். முன்வரிசையில் கௌதமனும் குழுவின் ஏழு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஹாலில் பெரிய சார்ட் தொங்கியது. எழுதியவள் கபீரின் மகள், ஒன்பதாவது படிக்கிற ஆஸிஃபா. அறக்கட்டளை கொடுத்த பாடத்தாளைப் பார்த்து முத்து முத்தாக எழுதியிருந்தாள்.

'பட்டுப்போன செடிகள் 278. காரணம்: பராமரிப்பாளர் சரியாக நீர் ஊற்றவில்லை.'

பராமரிப்பாளர் யாரென்று முந்நூறு பிள்ளைகளுக்கும் தெரியும். தினமும் கண்ணெதிரே வண்டி தள்ளியவள்தானே! ஹாலில் இருந்த பிள்ளைகள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பாவி மனுஷர்கள், கூப்பிட்டு வைத்து இதையா காட்டுவார்கள்?

பள்ளித் தோட்டத்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நேராக ரோட்டுக்குப் போனாள். வாசலுக்கு எதிரே செத்து நின்ற செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தோண்டினாள். யாரோ தடுக்க வந்தார்கள். பார்த்த பார்வையில் ஒதுங்கிவிட்டார்கள். தண்ணீர் ஊறியது. ஒரு டம்ளரில் மொண்டு வந்து ஹாலில் கௌதமன் முன்னால் டக்கென்று வைத்தாள்.

"குடிங்க சார்."

"அக்கா, டென்ஷன் ஆவாதீங்க..."

"நான் ஊத்துன தண்ணி இல்ல சார், நீங்க தோண்டுன தண்ணி. குடிங்க!"

அவர் டம்ளரைத் தொடவில்லை. பக்கத்திலிருந்த கபீர் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். முகம் சுருங்கியது.

"கடல் தண்ணிய விட ஜாஸ்தி," என்றார், தொண்டைக்குள்ளேயே.

"இன்னைக்குத்தான் தெரியுமா பாய் உங்களுக்கு?"

கபீர் விரலை வேட்டியில் துடைத்தார்.

"தெரியும்மா. மேடையில உக்கார வச்சி சால்வை போட்டாங்க. அந்த நேரத்துல எப்படிச் சொல்றது? அசிங்கமா இருக்காதா?"

"அசிங்கமா? உங்க சால்வைக்கு அசிங்கம் வரக்கூடாதுன்னு என் பேரைப் பாடமா எழுதி மாட்டிட்டீங்க! அந்த ஆபீசர் வெளியூரு, சொன்னாலும் அவருக்குப் புரியல. நீங்க? உப்பு வித்து வீடு கட்டுனவரு. ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க?" குரல் உடைந்தது; அதற்கும் அவளுக்கே ஆத்திரம் வந்தது. "என்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. அதை எழுதுன பொண்ணு அதோ நிக்குது. அதுகிட்ட சொல்லுங்க."

ஆஸிஃபா சார்ட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"நெசமாவே தெரியுமா அத்தா?"

கபீர் ஆமென்று தலையை ஆட்டினார். அவள் ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, காரணத்தை ஒரே கோடாக அடித்தாள். கீழே எழுதத் தொடங்கினாள்: 'மூன்றடிக் குழியில் உப்பு நீர் ஊறியது. யாரும் சொல்லவில்லை.'

"தப்பு. இந்தம்மா சொல்லிச்சி," என்றார் கபீர். "தெரிஞ்சும் சொல்லாதது உங்க அத்தா. என் பேரை எழுதும்மா."

அவள் எழுதினாள். அஹமது கபீர் என்று, முத்து முத்தாக.

ஆஸிஃபா முழுதும் எழுதி முடிக்கிறவரை ஆரோக்கியசெல்வி நின்று படித்தாள். கோபம் துளியும் தணியவில்லை. குழுவில் இன்னும் ஆறு பேர் பாக்கி இருந்தார்கள். டம்ளரை எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கம் திரும்பினாள்.